தேன்கூட்டு ராஜ்யம்

அமெரிக்க ஐக்கிய நாட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நியூயார்க்கின் வானளாவும் மாளிகைகளும், ஹாலிவுட்டின் திரைப்படக் கொட்டகைகளும், நயாகரா நீர்வீழ்ச்சியுமே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாடு ஐம்பது ராஜ்யங்களைக் கொண்டது. அவற்றுள் பலவற்றின் பெயரையும் நாம் கேட்டதில்லை. அப்படி அதிகம் கேட்டறியாத ராஜ்யங்களுள் ஒன்றான யூட்டாவைப் பற்றி இங்கே சில செய்திகளைத் தெரிந்துகொள்வோம்.

யூட்டாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, இந்த ராஜ்யம் குடியேறி வந்தவர்களால் உருவாக்கப்பட்டது. தில்லியிலும், மும்பையிலும், கொல்கத்தாவிலும், நாக்பூரிலும் பிழைப்பை முன்னிட்டு வந்து வேரூன்றியிருக்கும் நமக்கு, புதிய மண்ணில் கால் வைத்தவர் கதை எந்நாட்டினுடையதாயினும் அந்நியமாகத் தோன்றாது. இரண்டாவது காரணம் ஒரு விந்தை. யூட்டாவுக்குக் கடற்கரை இல்லை. பசிபிக் மகா சமுத்திரம் அதன் தலைநகரிலிருந்து ஏறத்தாழ 600 மைல் தொலைவில் இருக்கிறது. இருந்தும் அந்த ராஜ்யம் தன் சின்னமாக ஏற்றிருக்கும் பறவை கடற்காகம்! கடலில்லா நாட்டுக்குக் கடற்பறவை சின்னமானது எவ்வாறு? அந்த வினாவுக்கு விடை தேடப் புகுந்தால் யூட்டாவின் சரித்திரம் முழுவதும் விளங்கிவிடும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். தேசப்படத்தில் யூட்டா ஒரு நீண்ட சதுரம் போலவும், அதன் வடகிழக்கு மூலையை யாரோ கத்தரித்து எடுத்தது போலவும் காணப்படும். அவ்வாறு கத்தரித்த துண்டு வயோமிங் ராஜ்யத்தைச் சேர்ந்தது. வடக்கே ஐடஹோ, கிழக்கே கொலராடோ, தெற்கே அரிசோனா, மேற்கே நெவாடா ஆகியவை அண்டை ராஜ்யங்கள். தென்கிழக்கு மூலையில் யூட்டா, கொலராடோ, நியூமெக்ஸிகோ, அரிசோனா ஆகிய நான்கும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அமெரிக்காவில் நான்கு ராஜ்யங்கள் இவ்வாறு கூடும் இடம் இது ஒன்றே. அங்கே வருவோர் கைகளையும் கால்களையும் நான்கு எல்லைகளிலும் ஊன்றி நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

பரப்பு சுமார் 85,000 சதுர மைல். நம் உத்தரப் பிரதேசத்தைவிடச் சற்றே சிறியது எனலாம். ஆனால் உத்தரப் பிரதேசத்தில் 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ இருபது கோடி மக்கள் இருந்தனர். யூட்டாவிலோ 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி 32,71,616 பேரே. அவர்களிலும் ஐந்தில் நான்கு பங்கினர் வாசாட்ச் என்னும் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில், ஒரு நீண்ட ஒடுங்கிய நிலப்பகுதியில் நெருங்கி வசிக்கின்றனர். எஞ்சிய பரப்பெல்லாம் மலை, பாலை, உப்புவெளி, செம்பாறை. மழை குறைந்த அமெரிக்க ராஜ்யங்களில் நெவாடாவுக்கு அடுத்த இடம் யூட்டாவுக்கே. மலைச்சிகரங்களில் குளிர்காலத்தில் விழும் பனி வசந்த காலத்தில் உருகி ஓடையாக இறங்குவதுதான் அங்கே நீர்வளம். அந்நீர் எங்கே இறங்குகிறதோ அங்கே ஊர் எழுந்தது.

யூட்டா என்னும் பெயர் யூட் என்ற ஆதிகுடி மக்களின் பெயரிலிருந்து வந்தது. யூட், பையூட், கோஷூட், ஷோஷோன், நவஹோ ஆகிய மக்கள் வெள்ளையர் வருமுன்னரே அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தனர். வெள்ளையர் குடியேற வந்த காலத்தில் அப்பிரதேசம் பெயரளவில் மெக்ஸிகோவுக்கு உரியதாக இருந்தது. 1847ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி பிரிகாம் யங் என்பவர் தலைமையில் ஒரு கூட்டத்தார் அப்பள்ளத்தாக்கை அடைந்தனர். அவர்கள் மார்மன் எனப் பிறரால் அழைக்கப்பட்ட கிறிஸ்தவ சமயக் குழுவினர். அக்குழுவை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1844இல் இல்லினாய் ராஜ்யத்தில் ஒரு கலகக் கும்பலால் கொல்லப்பட்டார். அதன்பின் அவர்கள் 1846இல் ஊரைத் துறந்து, மேற்கு நோக்கி ஆயிரம் மைலுக்கும் மேல் மாட்டு வண்டிகளில் பிரயாணம் செய்து வந்தார்கள். வேறு எவரும் விரும்பாத நிலம் எதுவோ அதுவே தங்களுக்குப் பாதுகாப்பு என்பது தலைவரின் எண்ணம்.

அவர்கள் வந்தவுடன் செய்த முதற்காரியம் கவனிக்கத்தக்கது. தலைவர் வந்து சேர்வதற்கு முதல் நாளே, முன்னணியில் வந்தவர்கள் ஓர் ஓடையை மறித்து அணை கட்டி, இறுகிக் கிடந்த மண்ணில் நீரைப் பாய்ச்சினார்கள். பிறகுதான் ஏர் இறங்கியது. குடியிருக்க வீடு எழும்புவதற்கு முன் வாய்க்கால் ஓடியது. 1869இல் ரயில் பாதை வரும்வரை ஏறத்தாழ 70,000 பேர் இவ்வாறு தரைவழியே வந்தனர். அவர்களில் வண்டிமாடு வாங்க வசதியற்ற சிலர், தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றித் தாமே இழுத்து வந்தார்கள். 1856ஆம் ஆண்டு புறப்படத் தாமதமான இரு கைவண்டிக் கூட்டத்தார் வயோமிங் மலைகளில் பனிப்புயலில் அகப்பட்டனர். 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இனி ராஜ்யச் சின்னங்களுக்கு வருவோம். பல நாடுகளில் சின்னங்கள் வெறும் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. யூட்டாவின் முக்கியமான சின்னங்கள் பசியிலிருந்து பிறந்தவை.

1848ஆம் ஆண்டு, முதல் அறுவடைக்கு முன், ஒருவகை வெட்டுக்கிளிகள் திரள் திரளாக வந்து விளைந்துகொண்டிருந்த பயிரைத் தின்னத் தொடங்கின. அவை பறக்கமாட்டா, தரையில் ஊர்ந்தும் தாவியும் செல்பவை. மக்கள் துடைப்பத்தாலும் நெருப்பாலும் வாய்க்கால் நீராலும் அவற்றை எதிர்த்துக் களைத்துப்போயினர். அப்போது மேற்கேயுள்ள ஏரியிலிருந்து கடற்காகங்கள் கூட்டமாக வந்து அவ்வெட்டுக்கிளிகளை விழுங்கின என்பது வரலாறு. பயிர் முழுவதையும் அவை காத்துவிடவில்லை என்றும், சேதம் பெரிதாகவே இருந்தது என்றும் பிற்கால ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் அப்பறவைகளை மக்கள் மறக்கவில்லை. 1913இல் தலைநகரில் அவற்றுக்கு ஒரு ஞாபகஸ்தம்பம் எழுப்பினார்கள். அதனைச் செய்த சிற்பி மஹான்ரை யங், பிரிகாம் யங்கின் பேரர். 1955இல் அப்பறவை ராஜ்யப் பறவையாகச் சட்டபூர்வமாக ஏற்கப்பட்டது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அப்பறவையின் முறையான பெயர் ‘கலிபோர்னியா கடற்காகம்’. யூட்டாவின் சின்னம் வேறொரு ராஜ்யத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது!

ராஜ்ய மலர் சீகோ லில்லி என்னும் மூன்றிதழ் வெண்மலர். 1911இல் அதற்கு அந்தப் பதவி கிடைத்தது. அதன் பெருமை மலரில் இல்லை, கிழங்கில் இருக்கிறது. பயிர் பொய்த்த அந்த முதல் ஆண்டுகளில், சிறிய வெங்காயம் போன்ற அக்கிழங்கைத் தோண்டித் தின்றே பல குடும்பங்கள் பிழைத்தன. அது உண்ணத்தக்கது என்று குடியேறியவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் ஆதிகுடி மக்கள். அந்த உபகாரத்துக்குக் கைம்மாறு நேர்மையாகக் கிடைத்தது என்று நாம் சொல்ல இயலாது. நல்ல நீரும் புல்லும் உள்ள இடங்களெல்லாம் பண்ணைகளாயின. வேட்டைப் பிராணிகள் குறைந்தன. சண்டைகள் மூண்டன. முடிவில் யூட் மக்கள் வடகிழக்கில் ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் பெயர் மட்டும் ராஜ்யம் முழுமைக்கும் நிலைத்தது.

உண்மையில் குடியேறியவர்கள் விரும்பிய பெயரே வேறு. தங்கள் வேதநூலில் தேனீயைக் குறிக்கும் ‘டெஸரெட்’ என்னும் சொல்லைத் தங்கள் நாட்டின் பெயராக வைக்க வேண்டுமென அவர்கள் கேட்டார்கள். வாஷிங்டன் சர்க்கார் அதனை ஏற்காமல், 1850இல் ‘யூட்டா பிரதேசம்’ என்று பெயரிட்டது. பெயர் கிடைக்காவிட்டாலும் தேன்கூடு கிடைத்தது. ராஜ்ய முத்திரையிலும், கொடியிலும், நெடுஞ்சாலைக் குறிப்பலகைகளிலும் தேன்கூட்டைக் காணலாம். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த புதிய கொடியில் வெண்பனி மலைக்கும் செம்பாறைக்கும் நடுவே தேன்கூடே பொன்னிறத்தில் அமைந்திருக்கிறது. ராஜ்யப் பூச்சி தேனீ என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ராஜ்யத்தின் குறிக்கோள் ஒரே ஒரு சொல்: ‘இண்டஸ்ட்ரி’. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு கண்ணி. அலுவலகக் கோப்புகளில் இச்சொல்லைக் கண்டவுடன் கை தானாகவே ‘தொழில்துறை’ என்று எழுதிவிடும். அவ்வாறு எழுதினால் ஆலைப் புகைபோக்கிகளே கண்முன் தோன்றும். தேன்கூட்டின் அருகே அச்சொல் நிற்கும்போது அதற்குப் பொருள் ஓயாத உழைப்பு, தாளாண்மை, முயற்சி என்பதேயாகும். ஒரு சொல்லின் பொருளை அகராதி மாத்திரம் தந்துவிடாது. அச்சொல் யார் வாயில், எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் பார்க்கத்தக்கது.

மற்றொரு சின்னம் ராஜ்ய விருட்சம். 1933 முதல் ஒருவகை ஸ்ப்ரூஸ் மரம் அந்த இடத்தில் இருந்தது. பள்ளிச் சிறுவர் சிறுமியர் எடுத்த முயற்சியை ஒட்டி, 2014இல் சட்டசபை அதனை மாற்றி ஆஸ்பென் மரத்துக்கு அப்பதவியை அளித்தது. சிறிய காற்றிலும் இலைகள் சலசலத்து நடுங்கும் மரம் அது. ராஜ்யத்தின் நடுப்பகுதியில் ஃபிஷ் ஏரிக்கு அருகே ‘பாண்டோ’ என்னும் ஆஸ்பென் தோப்பு இருக்கிறது. பார்வைக்கு ஏறத்தாழ 47,000 மரங்கள் அடர்ந்த காடு. ஆராய்ந்தவர்கள் கண்டது யாதெனில், 106 ஏக்கரில் பரவிய அத்தோப்பு முழுவதும் ஒரே வேரிலிருந்து முளைத்த ஒரே மரம் என்பதே. கொல்கத்தாவை அடுத்த தாவரத் தோட்டத்தில் ஒற்றை ஆலமரம் விழுதுகளால் ஒரு வனமாக நிற்பதை அங்குள்ள நம்மவர் பார்த்திருப்பர். ஆலமரம் மேலே கிளையால் ஒன்று. பாண்டோ கீழே வேரால் ஒன்று. இளங்குருத்துகளை மான்கள் மேய்ந்துவிடுவதால் புதிய மரங்கள் எழாமல் அத்தோப்பு நலிந்து வருகிறது. வேலியிட்டுக் காக்கும் முயற்சி நடைபெறுகிறது.

வானத்திலும் யூட்டாவுக்கு ஒரு சின்னம் உண்டு. சப்தரிஷி மண்டலத்தில் நாம் க்ரது என்று அழைக்கும் நட்சத்திரமே யூட்டாவின் ராஜ்ய நட்சத்திரம். வடக்கு வானில் அதனைக் காணும்போது அத்தொலைநாட்டையும் நினைத்துக்கொள்ளலாம்.

யூட்டா முழு ராஜ்யமாக அங்கீகாரம் பெற்றது 1896ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி. வரிசையில் அது நாற்பத்தைந்தாவது ராஜ்யம். அவ்வளவு தாமதம் ஆனதற்கு முக்கியக் காரணம், அக்காலத்து மார்மன்களிடையே இருந்த பலதார மணம். 1890இல் சமயத் தலைமை அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்த பின்னரே வழி திறந்தது. இதனோடு தொடர்புடைய மற்றொரு செய்தி வியப்பைத் தரும். 1870ஆம் ஆண்டிலேயே யூட்டாவில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 14ஆம் தேதி ஸெராஃப் யங் என்னும் இளம் ஆசிரியை வாக்களித்தார். 1887இல் வாஷிங்டன் காங்கிரஸ் பலதார மணத்துக்கு எதிராக இயற்றிய சட்டம் அவ்வுரிமையைப் பறித்தது. 1896இல் ராஜ்ய அரசியல் சாசனம் அதனை மீட்டுத் தந்தது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் மார்த்தா ஹ்யூஸ் கேனன் என்னும் பெண் மருத்துவர் ராஜ்ய செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவிலேயே முதல் பெண் ராஜ்ய செனட்டர் அவர். அத்தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர்களில் அவருடைய கணவரும் ஒருவர், அவர் தோற்றுப்போனார்!

ரயில் பாதைகளால் பிணைக்கப்பட்ட வாழ்க்கை நம்முடையது. ஆதலால் ப்ரோமோன்டரி என்னும் இடத்தைப் பற்றி அறிவதில் நமக்கு விருப்பம் இருக்கும். உப்பேரிக்கு வடக்கே, மேட்டு நிலத்தில், 1869ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி இரண்டு ரயில் பாதைகள் ஒன்றோடொன்று சந்தித்தன. ஒன்று கலிபோர்னியாவிலிருந்து கிழக்கு நோக்கி வந்தது. மற்றது நெப்ராஸ்காவிலிருந்து மேற்கு நோக்கி வந்தது. கடைசித் தண்டவாளத்தைப் பூட்டும் சடங்குக்குப் பொன்னால் ஓர் ஆணி செய்து வந்திருந்தார்கள். ‘முடிந்தது’ என்ற ஒற்றைச் சொல் தந்தியில் நாடெங்கும் பறந்தது. பல மாதப் பிரயாணம் ஏறத்தாழ ஒரு வாரமாகச் சுருங்கியது. அதே ஆண்டு நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பம்பாயும் கல்கத்தாவும் ரயிலால் இணைந்தன. இம்மூன்றும் சேர்ந்ததால்தான் ஜூல்ஸ் வெர்ன் எண்பது நாளில் உலகைச் சுற்றும் கதையை எழுத முடிந்தது. அவர் கதாநாயகன் நம் நாட்டையும் யூட்டாவையும் ரயிலில் கடந்து செல்கிறான்.

கலிபோர்னியாவிலிருந்து வந்த பாதையை இட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அவர்கள் பனிமலைகளைக் குடைந்தும் வெடிவைத்தும் வழி செய்தார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி ஒரே நாளில் பத்து மைல் பாதையை இட்டு முடித்த சாதனையும் அவர்கள் பங்குபெற்றதே. ஆனால் 1882இல் அமெரிக்கக் காங்கிரஸ் சீனத் தொழிலாளர் வருகையையே தடை செய்து சட்டம் இயற்றியது. அண்மைக்காலத்திலேதான் அவர்களின் சந்ததியார் ஆண்டுவிழாக்களில் உரிய மரியாதையுடன் அழைக்கப்படுகின்றனர்.

இதே போன்ற இன்னொரு நினைவு டெல்டா என்னும் சிற்றூருக்கு அருகில் உள்ளது. யூட்டாவின் ராஜ்ய மணி புஷ்பராகம், ஆங்கிலத்தில் டோபாஸ். அது கிடைக்கும் மலைக்கு டோபாஸ் மலை என்று பெயர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 முதல் 1945 வரை, ஜப்பானிய வம்சத்தவரான ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பிரஜைகளை வீடுவாசல்களிலிருந்து வெளியேற்றி, முள்வேலிக்குள் அடைத்துவைத்த முகாம்களுள் ஒன்று அங்கே இருந்தது. முகாமின் பெயரும் டோபாஸ். 1988இல் அமெரிக்க அரசாங்கம் மன்னிப்புக் கோரி நஷ்டஈடு வழங்கியது. இன்று அவ்விடத்தில் கட்டடங்கள் இல்லை. டெல்டாவில் உள்ள பொருட்காட்சிசாலை அக்கதையைக் கூறுகிறது.

இனி இயற்கைக் காட்சிகள். யூட்டாவின் தென்பாதியில் ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. ஸயன், ப்ரைஸ் கேன்யன், கேன்யன்லாண்ட்ஸ், ஆர்ச்சஸ், கேபிடல் ரீஃப் என்பன அவற்றின் பெயர்கள். 1919இல் அமைந்த ஸயன் பூங்காவே மூத்தது. ஒரு சிறிய ஆறு பல லட்சம் ஆண்டுகள் அறுத்து உண்டாக்கிய செங்குத்தான பள்ளத்தாக்கு அது. ஆர்ச்சஸ் பூங்காவில் 2,000க்கும் மேற்பட்ட பாறை வளைவுகள் இருக்கின்றன. கோபுர வாயில் போல நிற்கும் இவற்றை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. நிலத்தடியில் கனத்த உப்புப் படுகை ஒன்று இருக்கிறது. மேலே அழுத்தும் பாறைகளின் பாரத்தால் உப்பு நெகிழ்ந்து நகர, பாறை இணைகோடுகளாக விரிசல் கண்டது. விரிசலில் மழைநீர் புகுந்து குளிரில் உறைந்து விரிந்தது. பாறை மெல்லிய சுவர்களாயிற்று. சுவரின் நடுவே துளை விழுந்து வளைவாயிற்று. அவற்றுள் மிக நீண்டதன் அகலம் ஏறத்தாழ 300 அடி. 1991இல் அதிலிருந்து ஒரு பெரும்பாளம் பெயர்ந்து விழுந்தது; 2008இல் வேறொரு வளைவு முழுவதுமே இடிந்தது. ஆக்கிய சக்தியே அழிக்கவும் செய்கிறது. ப்ரைஸ் பூங்காவில் அதே உறைபனி ஆயிரமாயிரம் செம்பாறைத் தூண்களைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறது.

மேற்கே பானவில் உப்புவெளி இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் சமதளமாக இறுகிய வெள்ளை உப்பு. 1935இல் மால்கம் காம்பெல் என்னும் ஆங்கிலேயர் இங்கேதான் மோட்டாரில் மணிக்கு 300 மைல் வேகத்தை முதன்முதலாகத் தாண்டினார். தலைநகரின் தென்மேற்கே பிங்காம் செப்புச் சுரங்கம். 1906 முதல் ஒரு மலையையே வெட்டியெடுத்து, இன்று அங்கே முக்கால் மைல் ஆழமுள்ள பள்ளம் இருக்கிறது. 2013இல் அதன் ஒரு பக்கம் சரிந்தபோது, கருவிகள் முன்கூட்டியே எச்சரித்தமையால் ஓர் உயிரும் போகவில்லை.

தலைநகரான ஸால்ட் லேக் நகரத்தில், அதாவது உப்பேரி நகரத்தில், நாற்பது ஆண்டுகள் உழைத்து 1893இல் முடித்த கருங்கல் தேவாலயம் நிற்கிறது. அதனருகே உள்ள மண்டபத்துப் பாடகர் குழுவின் இசையை 1929ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் வானொலி ஒலிபரப்பி வருகிறது. இவ்வளவு நெடுங்காலம் இடைவிடாது வரும் வானொலி நிகழ்ச்சிகள் உலகில் மிகச் சிலவே.

நகருக்குப் பெயர் தந்த ஏரியை இறுதிக்கு வைத்துக்கொண்டோம். யூட்டாவின் மேற்குப் பகுதியில் முற்காலத்தில் பானவில் ஏரி என்னும் மாபெரும் நன்னீர் ஏரி இருந்தது. தட்பவெப்பம் மாறி அது வற்றியபின் எஞ்சியதே இன்றைய பெரிய உப்பேரி. பேர், வெபர், ஜார்டன் என்னும் மூன்று ஆறுகள் அதில் கலக்கின்றன. வெளியேற ஓர் ஆறும் இல்லை. நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்குகிறது. ஆகவே ஏரி நீர் சமுத்திர நீரைவிடப் பன்மடங்கு கரிக்கும். அதில் இறங்குபவர் மூழ்க நினைத்தாலும் மிதப்பார். மீன் வாழாது. ஆனால் நகத்தளவு கூட இல்லாத உப்புநீர் இறால் கோடானுகோடியாக வாழ்கிறது. அதன் முட்டைகளைச் சேகரித்து ஆசிய நாடுகளின் இறால் பண்ணைகளுக்குக் குஞ்சுகளின் தீனியாக அனுப்புகிறார்கள். அந்த இறாலையும் உப்பு ஈக்களையும் உண்பதற்கு ஆண்டுதோறும் ஒரு கோடிக்குக் குறையாத பறவைகள் வந்து இறங்குகின்றன. கடற்காகம் அவற்றுள் ஒன்று. உப்பேரித் தீவுகளில் கூடு கட்டி வாழ்வது. தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே.

அந்த ஏரி இன்று சுருங்குகிறது. 1987இல் அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,212 அடி; பரப்பு சுமார் 3,300 சதுர மைல். 2022 நவம்பரில் மட்டம் 4,188.5 அடிக்கு இறங்கியது. பரப்பு ஆயிரம் சதுர மைலுக்கும் குறைந்தது. அளவெடுக்கத் தொடங்கிய நாள் முதல் அவ்வளவு கீழே சென்றதில்லை. மழை குறைவும் வெப்ப மிகுதியும் காரணங்களே. எனினும் முதற்காரணம் ஆற்றுநீரை வழியிலேயே திருப்பிக்கொள்வது. மனிதர் திருப்பாதிருந்தால் ஏரி சுமார் 11 அடி உயர்ந்து நின்றிருக்கும் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. திருப்பிய நீரில் பெரும்பகுதி வயல்களுக்கும், அதிலும் கால்நடைத் தீவனப் புல்லுக்கும் செல்கிறது. முதல் வாய்க்கால் வெட்டிய அதே உழைப்பு, ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஓய்வின்றித் தொடர்ந்ததன் விளைவு இது.

விளைவுகள் ஏரியோடு நிற்பதில்லை. வறண்ட ஏரிப்படுகையின் புழுதியில் ஆர்ஸெனிக் முதலிய நச்சுப்பொருள்கள் உள்ளன. காற்றடித்தால் அப்புழுதி இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கும் நகரங்களின் மேல் படியும். உப்பின் செறிவு எல்லை மீறினால் இறால் அழியும். இறால் அழிந்தால் பறவை வராது. நீர் இறங்கித் தீவுகள் கரையோடு சேர்ந்தால் நரியினப் பிராணிகள் கூடுகளை அடையும். 2023இல் கன்னிசன் தீவின் வெள்ளைக் கூழைக்கடாக்கள் தம் கூடுகளை விட்டுச் சென்றன. மத்திய ஆசியாவின் ஆரல் கடல் இவ்வாறே பாழானதை உலகம் கண்டிருக்கிறது.

பரிகாரம் எளிதன்று. முதலில் நீரைத் திருப்பியவருக்கே முதல் உரிமை என்பதும், பயன்படுத்தாவிட்டால் அவ்வுரிமை பறிபோகும் என்பதும் மேற்கு அமெரிக்காவின் பழைய சட்டம். ஆகையால் நீரை மிச்சம் பிடிக்க எண்ணிய விவசாயியும் அஞ்சி நீரைச் செலவிட்டான். 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது ஒருவர் தம் பங்கு நீரை ஏரிக்கு விட்டுக்கொடுத்தாலும் உரிமையை இழப்பதில்லை. அவ்வாண்டே நான்கு கோடி டாலரில் ஏரிக்கென ஒரு நிதியும் ஏற்பட்டது. 2023இல் வரலாறு காணாத பனி பெய்து மட்டம் சில அடிகள் உயர்ந்தது. ஆனால் ஒரு நல்ல பனிக்காலம் நோயைத் தீர்க்காது என்று அறிந்தவர்கள் எச்சரிக்கின்றனர். தேவைப்படுவது ஆண்டுதோறும் ஆற்றில் ஓடிவரும் நீர். அதற்கு ஒவ்வொரு பண்ணையும் ஒவ்வொரு நகரமும் தன் பங்கிலிருந்து சிறிது குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும் ஜூலை 24ஆம் தேதி யூட்டாவில் விடுமுறை. முன்னோர் வந்து சேர்ந்த நாளை ஊர்வலங்களுடன் கொண்டாடுகிறார்கள். 2002இல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களை நடத்திய ஸால்ட் லேக் நகரம் 2034இல் மீண்டும் நடத்தவிருக்கிறது. உலக முழுவதிலிருந்தும் விளையாட்டு வீரர்கள் அப்போது அங்கே செல்வார்கள். பந்தயச் செய்திகளை நாமும் இங்கிருந்து ஆவலுடன் கேட்போம். அச்செய்திகளின் நடுவே ஏரியின் நீர்மட்டம் எத்தனை அடி என்று யாரேனும் சொன்னால், அந்த எண்ணையும் நாம் காதில் வாங்கிக்கொள்வோமாக.